அண்ணன் சுட்ட வரிக்குதிரை உப்புவெளிக்கு வருமா?

கேள்வி:

உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்துகிறேன். என் அண்ணன் ரொறன்ரோவில் வசிக்கிறார். கனடியக் குடியுரிமை பெற்றவர். நண்பர்களுடன் நமீபியாவுக்கு வேட்டைச் சுற்றுலா போன அவர், உரிமம் பெற்று ஒரு கூடூ மான், ஒரு ஸ்பிரிங்பொக் மான், ஒரு வோர்ட்ஹொக் பன்றி, ஒரு வரிக்குதிரை ஆகியவற்றைச் சுட்டிருக்கிறார். தலைகளும் தோல்களும் இப்போது அங்கே, அவற்றைக் கெடாமல் பதப்படுத்திப் பாடம் செய்பவரிடம் இருக்கின்றன. அண்ணிக்கு இவற்றைத் தங்கள் வீட்டில் வைக்க விருப்பமில்லை. ஆகவே எனக்கு அனுப்பிவைப்பதாகவும், விடுதியின் முன்கூடத்தில் மாட்டும்படியும் அண்ணன் சொல்கிறார். அடுத்த முறை சிறுத்தை சுடுவதாகவும் எண்ணம்; அந்தத் தோலும் எனக்குத்தானாம். இவற்றைத் திருகோணமலைத் துறைமுகத்துக்கே நேராக வரவழைக்க முடியுமா? எவ்வளவு செலவாகும்? கொழும்பில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர், 'மரச் சிற்பங்கள், வீட்டுத் தளபாடங்கள்' என்று எழுதி அனுப்பினால் ஒரு தொல்லையும் இல்லை என்கிறார். அப்படிச் செய்யலாமா?

— ஒரு வாசகி, உப்புவெளி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அவசரமானது அதுதான். அந்தக் கொழும்பு நண்பரின் யோசனையை இன்றே கைவிடுங்கள். மரச் சிற்பம் என்று எழுதிய பெட்டிக்குள் கொம்பும் தோலும் இருந்தால் அது பொய்ப் பிரகடனம். நமது சுங்கக் கட்டளைச் சட்டம் 1869-ஆம் ஆண்டுக்குரியது. வயதானாலும் பல் விழாத சட்டம். பொருளைப் பறிமுதல் செய்யவும், பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கவும் அதில் இடம் இருக்கிறது. முறுக்கிச் சுழன்று நீளும் கூடூக் கொம்பை ஸ்கேனர் திரையில் பார்க்கும் அதிகாரியிடம் அதைக் கதிரைக் கால் என்று சொல்லி நம்பவைக்க எந்தக் கெட்டிக்காரனாலும் முடியாது. பெட்டி வருவது உங்கள் பெயருக்கு. யோசனை சொன்னவரின் பெயருக்கு அல்ல. விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

அது மட்டுமல்ல. இலங்கைச் சுங்கத்தில் உயிர்ப் பல்வகைமையையும் கலாசார, தேசிய மரபுரிமைகளையும் பாதுகாப்பதற்கென்றே தனிப் பிரிவு ஒன்று இயங்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் விலங்குப் பொருள்கள் விடயத்தில் கொழும்புத் துறைமுகத்துக்குப் பழைய அனுபவமும் உண்டு. 2012-இல் கென்யாவிலிருந்து துபாய்க்குப் போய்க்கொண்டிருந்த சரக்கில் 359 யானைத் தந்தங்கள் அங்கே பிடிபட்டன. 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில், எல்லோரும் பார்த்திருக்க, அவற்றை இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள். உங்கள் அண்ணனின் மான் தலைக்கும் அந்தத் தந்தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மறைத்துக் கொண்டுவந்தால், முறையாகச் சுட்ட மானும் கடத்தல் பொருளாகிவிடும்.

நேர்வழியில் இவற்றைக் கொண்டுவர முடியுமா என்றால், சிலவற்றை முடியும். எல்லாவற்றையும் அல்ல. இந்த வேறுபாட்டுக்கு முதற் காரணம், சுட்டவர் எங்கே வசிக்கிறார் என்பது. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை கோடிட்டுக்கொண்ட சொல் 'ரொறன்ரோ'.

அழியும் ஆபத்திலுள்ள விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைச் சைட்டிஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1973-இல் கைச்சாத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979-இல் அதில் சேர்ந்தது. கனடாவும் நமீபியாவும் உறுப்பு நாடுகளே. இந்த உடன்படிக்கையின்படி ஒரு பொருள் 'வேட்டைச் சின்னம்' என்ற கணக்கில் எல்லை கடக்க வேண்டுமானால், வேட்டைக்காரர் தம் சொந்தப் பாவனைக்காகச் சட்டப்படி வேட்டையாடியதாக அது இருக்க வேண்டும். அவரோ அவர் சார்பில் ஒருவரோ அதைக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பயணம் இறுதியில் அவர் வழமையாக வசிக்கும் நாட்டில் முடிய வேண்டும். அண்ணன் பிறந்தது திருகோணமலையில்தான், கோணேசர் கோவில் திருவிழாவுக்கு வருடந்தோறும் வந்து போகிறார் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. அவர் வழமையாக வசிக்கும் நாடு கனடா. அண்ணிக்கு விருப்பமில்லை என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆகவே சைட்டிஸ் பட்டியலில் உள்ள எந்த விலங்கும் 'வேட்டைச் சின்னம்' என்ற பெயரில் நமீபியாவிலிருந்து நேரே உங்களிடம் வர முடியாது. பட்டியலில் இல்லாத விலங்குகளுக்கு அந்தத் தடை இல்லை. எனவே உருப்படி உருப்படியாகத்தான் பார்க்க வேண்டும்.

கூடூவும் ஸ்பிரிங்பொக்கும் சைட்டிஸ் பட்டியல்களான பின்னிணைப்புகள் எதிலும் இல்லை. நமீபியப் பண்ணைகளில் ஏராளமாக மேயும் மான்கள் அவை. அந்த நாட்டின் ஏற்றுமதி அனுமதியும் கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் இருந்தால் அங்கிருந்து புறப்படுவதில் பெரிய சிக்கல் இல்லை. அதற்காக இங்கே ஒருவரையும் கேட்காமல் இறக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும், சைட்டிஸ் விவகாரங்களை இலங்கையில் கவனிப்பதும் பத்தரமுல்லையிலுள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்தான். அதன் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகே பெட்டியை ஏற்றச் சொல்லுங்கள். சுங்க மேசையில் கொம்பைக் கண்டதும் அதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தக் கடிதத்தைத்தான். 'இது பட்டியலில் இல்லாத மான், ஐயா' என்று நீங்கள் வாயால் சொல்வதை அவர் எந்தக் கோப்பில் போட்டு வைப்பார்?

வரிக்குதிரையில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'ஒரு வரிக்குதிரை' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வரிக்குதிரை? நமீபியாவில் இரண்டு இனங்கள் உண்டு. சமவெளி வரிக்குதிரை சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஹார்ட்மன் மலை வரிக்குதிரை இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் இரண்டையும் 'சீப்ரா' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். பாடம் செய்பவரின் பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதப்பட்டு வரும். இங்கே வந்த பிறகு அது எந்த இனம் என்ற கேள்வி எழும்பினால், பதில் வரும் வரை பெட்டி பண்டசாலையில் கிடக்கும். வாடகை ஏறிக்கொண்டே போகும்.

தோலைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். சமவெளி வரிக்குதிரையில் பட்டைகள் வயிற்றின் அடிப்பக்கம் வரை சுற்றிப் போகும். பின்புறத்தில் அகலமான வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே மங்கிய பழுப்பு நிழற்கோடுகள் தெரிவதும் உண்டு. மலை வரிக்குதிரைக்கு நிழற்கோடு கிடையாது. பட்டைகள் வயிற்றுக்கு வருமுன்பே நின்றுவிட, அடிவயிறு வெள்ளையாக இருக்கும். வாலின் அடிக்கு மேலே, முதுகு முடியும் இடத்தில், குறுகிய குறுக்குக் கோடுகள் ஏணிப்படி மாதிரி நெருக்கமாக அடுக்கியிருக்கும். தொண்டையில் தொங்கும் தோல் மடிப்பும் மலை இனத்துக்கே உரியது. ஆனால் விரிப்பாகப் பதனிட்ட தோலில் அதைத் தேடிப் பயனில்லை. வயிற்றோரத்தையும் வெட்டி நேராக்கியிருப்பார்கள். ஆகவே வால் அடியைப் பாருங்கள்.

அது சமவெளி இனம் என்று உறுதியானால், இனத்தின் அறிவியல் பெயரோடு எழுதிய ஏற்றுமதி ஆவணத்துடன் மான்களைப் போலவே கையாளலாம். மலை இனம் என்றால் என் ஆலோசனை ஒன்றுதான்: அது கனடாவுக்கே போகட்டும். நமீபியா வழங்கும் சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதியில் நோக்கம் 'வேட்டை' என்றும், சேரும் நாடு கனடா என்றும் இருந்தால் காரியம் சுலபமாக முடியும். பின்னொரு நாள் அண்ணன் அதை இலங்கைக்கு அனுப்பியே தீர வேண்டும் என்றால், கனடிய அதிகாரிகளிடமிருந்து மறு ஏற்றுமதிச் சான்றிதழும் நம் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். வேறொரு நோக்கத்தைக் குறிப்பிட்டு நேரே இங்கு அனுப்ப விண்ணப்பிக்கும் வழி அடைபட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'தனிப்பட்ட பொருள்' என்று எழுதிவிட்டு விடுதியின் முன்கூடத்தில் மாட்டினால், அது வணிக நோக்கம் இல்லையா என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் தேட வேண்டும். ஒரு தோலுக்காக அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

வோர்ட்ஹொக்கில் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சைட்டிஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. கால்நடை வைத்தியர்கள் கண்டுகொள்வார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரஸ் இந்தப் பன்றியின் உடலில் நோய் எதுவும் காட்டாமலே தங்கக்கூடியது. அதன் வளைகளில் வாழும் உண்ணிகளும் அந்த வைரஸைச் சுமக்கின்றன. வீட்டுப் பன்றிக்கு அது தொற்றினால் பண்ணையே காலி. தடுப்பூசி போட்டுத் தப்பவைக்கலாம் என்ற நிலை இங்கே இல்லை. 2024-இல் இலங்கையின் பன்றிப் பண்ணைகளில் அந்தக் காய்ச்சல் புகுந்து செய்த நாசம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றித் தோலுக்கு அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பத்தை நீட்டினால் என்ன முகம் பார்ப்பீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோலையும் முழுத் தலையையும் அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கொதிக்கவைத்து, சதை நீக்கி, வெளுத்து, கிருமி நீக்கிய வெறும் மண்டையோடும் தந்தப் பற்களும் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த அனுமதியைக் கொடுப்பது வேறொரு திணைக்களம். 1992-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ், விலங்குப் பொருள்களின் இறக்குமதியைக் கண்காணிப்பது பேராதனையைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம். மான்களுக்கும் வரிக்குதிரைக்கும்கூட இவர்களிடம் போகத்தான் வேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் கடிதம் கிடைத்துவிட்டது, இனி வேலை முடிந்தது என்று நினைத்து, விலங்குத் தனிமைப்படுத்தல் பிரிவில் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் தனித்தனிக் கதவுகள். ஒன்றின் திறப்பு மற்றதற்குப் பொருந்தாது.

அவர்கள் கேட்கக்கூடிய ஒன்றை இப்போதே அண்ணனிடம் விசாரித்து வையுங்கள்: வேட்டைப் பண்ணை நமீபியாவின் எந்தப் பகுதியில் இருந்தது? அந்த நாட்டின் குறுக்கே கால்நடை நோய்த் தடுப்பு வேலி ஒன்று ஓடுகிறது. சிவப்புக் கோடு என்பார்கள். அதற்குத் தெற்கே கோமாரி நோய் இல்லை என்ற அங்கீகாரம் உண்டு. வடக்கே அப்படி இல்லை. வேலிக்கு வடக்கே சுட்ட, குளம்புள்ள விலங்கின் தோலுக்கு நிபந்தனைகள் கூடுதலாக இருக்கும். பண்ணையின் பெயரும் மாவட்டமும் சுகாதாரச் சான்றிதழில் இருந்தால் இந்தக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

சிறுத்தையை மறந்துவிடுங்கள். இதை நான் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆனால் அண்ணன் பணம் கட்டிவிடுமுன் காரணத்தையும் அவர் தெரிந்துகொள்ளட்டும். சிறுத்தை, கட்டுப்பாடு மிகக் கடுமையான முதலாம் பின்னிணைப்பில் இருக்கும் விலங்கு. நமீபியாவுக்கு ஆண்டுக்கு 250 சிறுத்தைகள் என்று ஏற்றுமதி ஒதுக்கீடு உண்டு. ஒவ்வொரு தோலிலும் நாடு, ஆண்டு, ஒதுக்கீட்டில் அதன் எண் ஆகியவற்றைக் காட்டும், பூட்டினால் கழற்ற முடியாத பட்டி கோக்கப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதி செய்யும் நாடு முதலில் அனுமதி கொடுத்தால்தான் ஏற்றுமதி அனுமதியே பிறக்கும். அந்த நாடு அண்ணனைப் பொறுத்தவரை கனடா. அவர் கனடாவுக்கு அனுமதி பெற்றுக் கொண்டுபோனால் அது அவருடைய பாடு. இலங்கையில் நிலைமை வேறு. நமது காட்டில் வாழும் சிறுத்தை சட்டத்தால் கடுமையாகப் பாதுகாக்கப்படும் விலங்கு. தோலை வைத்திருப்பதே வழக்குக்குப் போதும். உப்புவெளி விடுதியின் சுவரில் தொங்கும் தோலைப் பார்த்து, இது வில்பத்துச் சிறுத்தை அல்ல, நமீபியச் சிறுத்தை என்று எந்தப் பொலிஸ்காரர் பிரித்தறியப் போகிறார்? ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்படிப் போகிறவர்கள் யானை முடிக் காப்பு ஒன்றாவது வாங்காமல் திரும்புவதில்லை. நம் ஊரிலும் யானை முடி மோதிரம் போட்ட கைகள் இருப்பதால் அது ஒரு பெரிய விடயமாக எவருக்கும் படுவதில்லை. அதற்கும் சைட்டிஸ் அனுமதி வேண்டும். பெட்டியின் மூலையில் 'தங்கச்சிக்கு' என்று ஒரு காப்பைச் செருகிவிட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அந்த ஒரு காப்புக்காக மான்கள் இரண்டும் கூடவே மாட்டிக்கொள்ளும்.

இனி, எப்படி அனுப்புவது? வேட்டைத் தொழிலில் இரண்டு வழிகளை வைத்திருக்கிறார்கள். தோலை உப்பிட்டு உலர்த்தி, மண்டையோட்டை அவித்து வெளுத்து, எல்லாவற்றையும் மருந்துக் கரைசலில் முக்கியெடுத்துக் கட்டி அனுப்புவது ஒன்று. உயிருள்ள மாதிரி தலையை முழுதாகப் பாடம் செய்த பிறகு அனுப்புவது மற்றது. முதல் வழி, தங்கள் ஊரில் பாடம் செய்யும் கலைஞர் இருப்பவர்களுக்குப் பொருந்தும். உங்களுக்கு எதற்கு? உப்பிட்ட தோல் இங்கே வந்தால் அதை எடுத்துச் செய்வதற்கு ஆளைத் தேடி அலைய வேண்டியதுதான். அதோடு, உப்பிட்ட தோலைச் சுங்கம் தன் தீர்வைப் பட்டியலில் பச்சைத் தோல்களுக்குரிய 41-ஆம் அத்தியாயத்தில் வகைப்படுத்தும். பாடம் செய்து முடித்த தலை விலங்கியல் சேகரிப்புப் பொருள்களுக்குரிய 9705-ஆம் தலைப்பில் வரும். தனிமைப்படுத்தல் அதிகாரிகளுக்கும் பச்சைத் தோல் என்றால் பத்து மடங்கு சந்தேகம்.

ஆகவே முடித்த வேலையாகவே வரட்டும். பொறுமை மட்டும் வேண்டும். நல்ல பாடக்காரரிடம் மாதக்கணக்கில் வரிசை இருக்கும். ஒரு வருடம் ஆவதும் வழமை. இதில் ஒரு கண்ணி உண்டு. சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். வேலை முடியுமுன் ஆர்வத்தில் வாங்கி வைத்துவிட்டால், தலை தயாராகும் நாளில் அனுமதி காலாவதியாகியிருக்கும். கனடாவுக்குப் போகும் வரிக்குதிரை விடயத்தில் அண்ணன் இதைக் கவனிக்கட்டும். மூலப் பத்திரமே பொருளோடு பயணம் செய்ய வேண்டும். தொலைபேசியில் எடுத்த படம் பத்திரம் ஆகாது.

கூடூவுக்கு என் விருப்பம் முழுத் தலை அல்ல. மண்டையோடும் கொம்பும் மட்டும். ஐரோப்பிய முறை என்று இதைச் சொல்வார்கள். காரணங்கள் பல. ஒன்று, உங்கள் வீடு கடற்கரையில் இருக்கிறது. உப்புக் காற்றும், வாடைக் காலத்து ஈரமும் பாடம் செய்த தோலைச் சும்மா விடா. பூஞ்சை பிடிக்கும், தோல் தின்னும் வண்டு முட்டையிடும், கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் தோல் வெடிக்கும். குளிரூட்டிய அறையில் வைத்தால் தாங்கும். காற்றோட்டமான முன்கூடத்தில் சில வருடங்களில் அது பார்க்கச் சகிக்காத பொருளாகிவிடும். கொம்புக்கும் எலும்புக்கும் அந்தப் பயம் குறைவு.

இன்னொரு காரணம் பணம். விமானச் சரக்கில் எடை, கொள்ளளவு இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000 ஆல் வகுப்பார்கள். தோள் வரை பாடம் செய்த கூடூத் தலைக்கு 150, 90, 90 என்று ஒரு பெட்டி வேண்டும் என்று வையுங்கள். 202 கிலோவுக்கு மேல் கணக்காகும். உள்ளே இருக்கும் பொருளின் நிறை அதில் ஒரு சிறு பகுதிதான். மண்டையோடு என்றால், அவித்த பிறகு கொம்புறைகள் உள்ளெலும்பிலிருந்து கழன்று வரும். தனியாகக் கழற்றிப் படுக்கவைத்து 120, 50, 40 அளவுப் பெட்டியில் அடக்கினால் 40 கிலோதான். ஐந்தில் ஒரு பங்கு. கொழும்பில் இறங்கிய பிறகு கொம்பைத் திரும்பச் செருகிக்கொள்ளலாம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு நேரே வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், உண்மையும் அதுதான். ஆனால் இங்கே வருவது பிரிமா ஆலைக்குக் கோதுமை, சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள், சீனக்குடாத் தாங்கிகளுக்கு எண்ணெய் என்று கப்பல் நிறையக் கொட்டி வரும் சரக்குத்தான். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று கொள்கலனில் பங்கு போட்டு வரும் சரக்குக்குக் கொழும்புதான் வாசல். சீனக்குடா விமான நிலையமும் விமானப்படையுடையது. சர்வதேசச் சரக்கு அங்கே இறங்குவதில்லை. கப்பலில் என்றால் நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்திலிருந்து வழியில் கப்பல் மாறிக் கொழும்பு. விமானத்தில் என்றால் கட்டுநாயக்க. அங்கிருந்து லொறியில் ஊருக்கு.

உங்கள் அளவுக்கு விமானமே நல்லது. பங்குக் கொள்கலனில் கப்பற் கட்டணம் குறைவாகத் தெரியும். கொழும்பில் பெட்டி பிரிக்கும் கட்டணம், விநியோகக் கட்டளைக் கட்டணம், பண்டசாலை வாடகை எல்லாம் சேரும்போது அந்த இலாபம் கரைந்துவிடும். ஆனால் விமான நிறுவனங்கள் எல்லாமே வேட்டைச் சின்னங்களை ஏற்பதில்லை. 2015-இல் சிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த கொதிப்பில், டெல்டா போன்ற அமெரிக்க நிறுவனங்கள் பெரிய விலங்குகளின் சின்னங்களை ஏற்ற மறுத்தன. அதற்குச் சில மாதங்கள் முன்பே எமிரேட்ஸின் சரக்குப் பிரிவு யானை, காண்டாமிருகம், சிங்கம், புலி ஆகியவற்றை நிறுத்தியிருந்தது. மான் கொம்பு அந்தப் பட்டியல்களில் இல்லை என்றாலும், 'வேட்டை' என்ற சொல்லைக் கண்டதுமே கைவிரிக்கும் நிறுவனங்கள் உண்டு. கொழும்புக்கு வரும் வழி பெரும்பாலும் வளைகுடா வழி என்பதால், சரக்கு முகவர் எந்த விமானத்தில் இடம் பிடிக்கிறார், அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டதா என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஜொகன்னஸ்பேர்க் வழியாக மாறி வந்தால், தென்னாபிரிக்காவின் இடைவழிக் கால்நடை அனுமதியைப் பற்றியும் கேட்டு வையுங்கள்.

பெட்டி மரத்தில் செய்யப்பட்டதாயின், அந்த மரமும் சோதனைக்குரியது. உள்மரம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, அல்லது புகையூட்டப்பட்டு, கோதுமைக் கதிர் மாதிரியான சர்வதேச முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பலகையில் ஆணியடித்து அனுப்பினால் தாவரத் தனிமைப்படுத்தல்காரரும் உங்களைத் தேடி வருவார். வீட்டுச் சாமான், உடுப்பு, பிள்ளைகளுக்கென்று அண்ணன் அனுப்பும் விளையாட்டுப் பொருள் எதையும் இந்தப் பெட்டியில் சேர்க்க வேண்டாம். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும்.

செலவு எவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லும்படி கேட்கிறீர்கள். பாடக்காரரின் அளவும் நிறையும் கையில் இல்லாமல் தொகை சொல்பவரை நம்பாதீர்கள். நான் சொன்னாலும் நம்பாதீர்கள். எதன்மேல் வரி விழும் என்பதை மட்டும் சொல்ல முடியும். பொருளின் பெறுமதி, வழிக் கட்டணம், காப்புறுதி மூன்றையும் கூட்டிய தொகையின்மேல் தீர்வை கணக்கிடப்படும். அதற்கு மேல் மற்ற அறவீடுகளும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரியும் ஏறும். பெறுமதி என்ன என்ற இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 'நினைவுப் பொருள், 10 டொலர்' என்று எழுதிவிடுவார்கள். அந்த மானைச் சுடுவதற்குக் கட்டிய கட்டணம், பாடம் செய்த கூலி ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளைச் சுங்கம் கேட்டால் என்ன செய்வீர்கள்? உண்மையான சீட்டுகளை முதலிலேயே இணைத்துவிடுவது மலிவு.

பத்திரங்களில் பெயர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். வேட்டை உரிமத்தில் அண்ணனின் பெயர் கடவுச்சீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நம் பெயர்களை வெளிநாட்டுக்காரர் முன்பின்னாக மாற்றி எழுதிவிடுவார்கள். தந்தை பெயர் முதற்பெயராகி நிற்கும். பெறுநராக உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், விடுதியின் பெயர் அல்ல. அண்ணன் இதை உங்களுக்கு இனாமாகத் தருகிறார் என்ற கையொப்பமிட்ட கடிதம் ஒன்று. பாடக்காரர் எந்த மருந்தில் எத்தனை நாள் ஊறவைத்தார் என்ற குறிப்பு. விலங்குகளின் அறிவியல் பெயர்கள் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே எழுத்துக் கூட்டலில் இருப்பது மிக முக்கியம்.

முன்கூடத்தில் மாட்டுவதைப் பற்றி நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்காத ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். உப்புவெளிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் காலையில் திமிங்கிலம் பார்க்கப் போகிறார்கள், பிறகு புறாத்தீவில் பவளப் பாறை பார்க்கிறார்கள், மாலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைப் படமெடுத்துக்கொண்டு வருகிறார்கள். வந்து முன்கூடத்தில் மான் தலையைப் பார்த்தால் அது நமீபியாவிலிருந்து வந்தது என்று ஒவ்வொருவருக்கும் நின்று விளக்குவீர்களா? அதில் பாதிப் பேருக்கு விளக்கமே வேண்டாம். அறையை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கொம்பை உங்கள் சொந்த வீட்டுக்குள் மாட்டுங்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதியை அங்கேயே கோப்பில் வையுங்கள். அதிகாரிகள் வந்து கேட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போதைக்குப் பாடக்காரருக்கு அண்ணன் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். பன்றித் தோலை நிறுத்தச் சொல்லட்டும். கூடூவையும் ஸ்பிரிங்பொக்கையும் மண்டையோடாக மாற்ற இன்னும் முடியுமா என்று கேட்கட்டும். வரிக்குதிரைத் தோலின் வால் அடிப் பக்கத்தைக் கிட்ட வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லட்டும். அந்தப் படத்தையும் வேட்டை உரிமத்தின் பிரதியையும் எனக்கு அனுப்புங்கள். பத்தரமுல்லைக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் வரிக்குதிரையைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.